ஒன்பதாவதுக்குப் புதுப் பள்ளி போகும் பிள்ளைகள்: வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

செல்வி, சிவதாபுரம்
ஜூன் 5, இரவு 9.20

வணக்கங்க. என் மகள் எங்கள் பக்கத்து நடுநிலைப்பள்ளியில் எட்டாவது முடித்துவிட்டு, இந்த வாரம் டவுனில் இருக்கிற அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளியில் ஒன்பதாவது சேர்ந்திருக்கிறாள். பழைய பள்ளியில் எல்லா டீச்சருக்கும் இவளைத் தெரியும். ஒரு நாள் போகாவிட்டால் சாயங்காலம் வீட்டு வாசலிலேயே வந்து கேட்பார்கள். இங்கே ஒரு வகுப்பில் அறுபது பிள்ளைகள். பாடத்துக்கு ஒரு டீச்சர், மணி அடித்தால் ஆள் மாறிவிடுகிறது. இன்னும் யாரிடமும் வாய் திறந்து பேசவில்லை என்கிறாள்.

வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். நான் வீட்டிலிருந்தே கொலுசுக்குப் பற்றவைக்கிறேன். இரண்டு பேருமே எட்டாவதைத் தாண்டவில்லை. எங்கள் தெருவில் பத்தாவது பரீட்சை எழுதித் தோற்றவர்களைவிட ஒன்பதாவதிலேயே நின்றுபோனவர்கள்தான் அதிகம். பையன்கள் பட்டறைக்குப் போய்விட்டார்கள், பெண்கள் வீட்டோடு இருந்துவிட்டார்கள். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

ட்யூஷன் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா? பாடம் சொல்லித்தரத் தெரியாத வீட்டில் அப்பா அம்மா வேறு என்னதான் செய்ய முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமார், ஓமலூர்
ஜூன் 5, இரவு 10.05

அக்கா, ஒன்பதாவதுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். பள்ளிக்குள்ளே நடக்கிற பரீட்சைதானே. இந்த வருஷம் பிள்ளை புது இடத்துக்குப் பழகட்டும். பத்தாவது தொடங்கும்போது நல்ல ட்யூஷனாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். இப்போதே காசைக் கொட்டினால் அப்போது கையில் இருக்காது.

கணக்கு டீச்சர், ஆத்தூர்
ஜூன் 6, மாலை 6.40

காசு விஷயத்தில் குமார் தம்பி சொல்வது சரி. ஒன்பதாவது பழகுவதற்கான வருஷம் என்பதை மட்டும் ஏற்க முடியவில்லை. அரசுப் பள்ளியில் ஒன்பதுக்கும் பத்துக்கும் கணக்கு எடுக்கிறவள் நான். பத்தாவதில் தோற்கிற பிள்ளை பெரும்பாலும் ஒன்பதாவதின் முதல் இரண்டு மாதத்திலேயே கையைவிட்டுப் போயிருக்கும். மார்க் பட்டியலில் அது தெரிவதற்குத்தான் இன்னொரு வருஷம் ஆகிறது.

தமிழ்நாட்டில் எட்டாவது வரை யாரையும் தோல்வி என்று நிறுத்திவைப்பதில்லை. நல்ல ஏற்பாடு அது, சின்னப் பிள்ளையை மார்க்குக்காக நிறுத்தக் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் ஒரு பிள்ளைக்கு எது விட்டுப்போயிருக்கிறது என்பது வீட்டுக்குத் தெரியாமலே எட்டு வருஷம் ஓடிவிடுகிறது. நூற்றுக்கு 35 எடுத்தே ஆக வேண்டும் என்பது ஒன்பதாவதில்தான் முதல்முறையாகக் குறுக்கே வந்து நிற்கிறது. பள்ளியும் புதுசு, ஆசிரியர்களும் புதுசு, அதோடு இதுவும். பிள்ளை வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை.

கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றும் ஒன்பதாவது புத்தகத்தில்தான் அறிமுகம் ஆகின்றன. பத்தாவதில் அவை தெரியும் என்று வைத்துக்கொண்டு முற்றொருமைகளுக்கும், உயரமும் தூரமும் கணக்குக்கும் போய்விடுவோம். முக்கோணத்துக்குச் சுற்றுவட்ட மையம் கண்டுபிடித்து வரைவது ஒன்பதாவதில் வரும். காம்பஸ் பிடிக்கிற கைப்பழக்கம் அப்போது வர வேண்டும். பத்தாவது பொதுத்தேர்வில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மார்க் வரைகிற கைக்கே இருக்கிறது. அதை வாங்கிவிட்டாலே 35-ல் கிட்டத்தட்டப் பாதி தூரம் வந்தாயிற்று.

செல்வி, ட்யூஷனை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். முதலில் வீட்டில் இரண்டு விஷயம் பாருங்கள், அதற்கு நீங்கள் படித்திருக்க வேண்டியதில்லை. அறிவியல் புத்தகத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுகிறாளா, வார்த்தையை விழுங்குகிறாளா என்பது கேட்டாலே தெரிந்துவிடும். அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டு, 'இதில் என்ன சொல்லியிருக்கிறது, எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு' என்று கேளுங்கள். வாசிக்க வருகிறது, சொல்ல வரவில்லை என்றால் அவளுக்கு வாசிப்பு இன்னும் கைகூடவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஐந்து பாடமும் கஷ்டம்தான், கணக்குகூட. வாக்கியமாக வருகிற கணக்கில் எது கொடுத்திருக்கிறது, எது கேட்டிருக்கிறது என்றே பிடிபடாது.

இரண்டாவது, ஒரு தாளில் இந்த இரண்டு கணக்கை எழுதிக்கொடுங்கள்: 3/4 + 2/3, −7 + 3. முதலாவதற்கு 17/12, இரண்டாவதற்கு −4 வர வேண்டும். நிறையப் பிள்ளைகள் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 5/7 என்று எழுதுவார்கள். இரண்டாவதற்கு −10 போடுவார்கள். உங்கள் மகளும் அப்படி எழுதினால் திட்டாதீர்கள். பிள்ளை ஒன்பதாவதில் இருக்கிறது, பிரச்சினை ஆறாவதில் இருக்கிறது, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்பதாவது பாடத்துக்கே ட்யூஷன் வைப்பது, அடிச்சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும்போது மேலே சுண்ணாம்பு அடிப்பது மாதிரி. அந்தத் தாளை அப்படியே கணக்கு டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அரசுப் பள்ளியில் 2025-ல் தொடங்கிய 'திறன்' திட்டம் இதற்காகவே இருக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரை அடிப்படை விட்டுப்போன பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் முதலிலிருந்து பிடித்துக்கொடுக்கிற ஏற்பாடு. அதில் பெயர் வந்தால் அவமானம் என்று சில வீட்டில் நினைக்கிறார்கள். என் வகுப்பில் அதில் உட்கார்ந்து எழுந்த பிள்ளைகள்தான் இன்று கை தூக்கிக் கேள்வி கேட்கிறார்கள்.

செல்வி, சிவதாபுரம்
ஜூன் 8, இரவு 9.45

டீச்சர், ரொம்ப நன்றி. நேற்று உட்காரவைத்துப் பார்த்தேன். வாசிப்பு பரவாயில்லை, சொல்லவும் சொன்னாள். செல் பற்றிய பாடம், எனக்கே புரிந்தது. கணக்கில் நீங்கள் சொன்ன அதே 5/7 தான். இரண்டாவது சரியாகப் போட்டாள். தாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

ஆனால் டீச்சரைப் போய்ப் பார்ப்பதுதான் எப்படி என்று தெரியவில்லை. பெரிய பள்ளி, கேட்டில் வாட்ச்மேன் நிற்கிறார். போய் என்ன கேட்பது? பெற்றோர் கூட்டம் என்றால் வேலை நாளில் பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். அவருக்கு அரை நாள் கூலி போகும்.

மேலாண்மைக் குழு அம்மா, அயோத்தியாப்பட்டணம்
ஜூன் 9, காலை 11.15

செல்வி, நானும் உங்களை மாதிரித்தான், பத்தாவது முடிக்காதவள். எங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி அமைகிற குழு அது, பெரும்பாலான இடம் பெற்றோருக்குத்தான். தலைவரும் ஒரு அம்மாதான். குழுவுக்குள் வந்த பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது: பிள்ளை தோற்ற பிறகு போனால் பேச்சு முழுக்கப் புகாராகவே இருக்கும். முதல் மாதத்திலேயே போனால் அது அறிமுகம், டீச்சருக்கும் சந்தோஷம்.

காலையில் பிரேயருக்கு முன்னால் போங்கள், அல்லது சாயங்காலம் பள்ளி விடுகிற நேரம். வாட்ச்மேனிடம் 'ஒன்பதாவது சி பிரிவு வகுப்பாசிரியரைப் பார்க்கணும்' என்று பிரிவைச் சேர்த்துச் சொல்லுங்கள், உள்ளே விடுவார். டீச்சரிடம் பெரிதாக எதுவும் பேச வேண்டாம். இவள் என் மகள், எந்தப் பள்ளியிலிருந்து வந்தாள், எது வருகிறது, எது வரவில்லை, நாங்கள் என்ன வேலை செய்கிறோம், அவசரம் என்றால் எந்த நம்பரில் கூப்பிடலாம். இவ்வளவு போதும். அறுபது முகத்தில் உங்கள் மகள் முகம் அன்றைக்கே தனியாகத் தெரிந்துவிடும்.

படிக்கத் தெரியாத பெற்றோரும் நோட்டைப் பார்க்கலாம். எங்கள் ஊர் அம்மாக்களுக்கு நான் சொல்லித்தருவது இதுதான். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டுங்கள். டீச்சர் சிவப்பு மையில் போட்ட கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி இருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் திருத்தியிருக்கிறார்கள்? நடுவில் வெற்றுப் பக்கம் விட்டிருக்கிறதா? பாதியில் நிற்கிற கணக்கு எத்தனை? வெற்றுப் பக்கம் என்றால் அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, அல்லது போயும் எழுதவில்லை. இரண்டில் எது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்கிற தொனியில் கோபம் இருந்தால் அடுத்த வாரம் நோட்டே கைக்கு வராது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் வைக்கிற நேரத்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்டோம். தறி, பட்டறை, கட்டட வேலைக்குப் போகிற வீடுகள் என்று எடுத்துச் சொன்னதும், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்தார் தலைமையாசிரியர். காலையில் வைத்தால் வராத அப்பாக்கள் அன்று வந்திருந்தார்கள். இது குடும்பங்கள் கேட்டால்தான் நடக்கும். பள்ளிக்கு நம் வேலை நேரம் தெரியாது.

தறிக்காரர், இளம்பிள்ளை
ஜூன் 9, இரவு 10.30

எல்லோரும் நல்ல விஷயம் சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். என் பெரியவன் பன்னிரண்டு வரை தமிழ்வழி, நல்ல மார்க். இன்ஜினியரிங் போன முதல் வருஷம் வகுப்பில் என்ன பேசுகிறார்கள் என்றே புரியாமல் ஒரு நாள் அழுதுகொண்டே போன் பண்ணினான். அதனால் சின்னவனை ஒன்பதாவதிலேயே தனியார் ஆங்கிலவழிப் பள்ளிக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன். பட்டுச்சேலை ஆர்டர் இந்த வருஷம் பரவாயில்லை, பீஸ் கட்டிவிடலாம். பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் செலவு செய்யாமல் வேறு எப்போது செய்வது?

மேலாண்மைக் குழு அம்மா, அயோத்தியாப்பட்டணம்
ஜூன் 10, காலை 10.20

அண்ணா, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் ஒன்றை யோசியுங்கள். சின்னவன் இப்போது அரசுப் பள்ளியில் இருக்கிறானா? அப்படியென்றால் 7.5 சதவீத இடஒதுக்கீடு கையில் இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்குச் சட்டம் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்பது விதி. ஒன்பதாவதில் தனியாருக்கு மாற்றினால் அது அன்றோடு போயிற்று. திரும்ப அரசுப் பள்ளிக்கு வந்தாலும் அந்த வருஷக் கணக்கு இடிக்கும். அதில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது.

கல்லூரி போகிற பையன்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022-லிருந்தே இருக்கிறது. இரண்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் உண்டு. மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதை விட்டுவிட்டுப் போகிறோம் என்று தெரிந்து போங்கள்.

கணக்கு டீச்சர், ஆத்தூர்
ஜூன் 10, இரவு 8.10

இளம்பிள்ளை அண்ணாவின் பெரியவனுக்கு நடந்தது உண்மையான கஷ்டம். அதை யாரும் சின்னதாகப் பேசக் கூடாது. ஆனாலும் மொழிவழி மாற்ற மிக மோசமான வருஷம் ஒன்பதாவதுதான். பாடமே கனமாகிற வருஷத்தில் சொற்களும் புதுசாகிவிட்டால் பிள்ளைக்கு எது புரியவில்லை என்று அவனுக்கே தெரியாது. பாடம் புரியாததையும் ஆங்கிலம் புரியாததையும் பிரித்துப் பார்க்க முடியாமல் திணறுவான். ஆங்கிலக் கதைப் புத்தகம் தானாக எடுத்து வாசிக்கிற பிள்ளை என்றால் வேறு விஷயம், அவன் தாங்குவான்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: தமிழ்வழியிலேயே இருங்கள், கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் சேர்த்துப் பழகுங்கள். நம் பாடப்புத்தகத்திலேயே கலைச்சொல் பட்டியல் இருக்கிறது. வாரம் பத்துச் சொல், ஒரு சின்ன நோட்டு. உந்தம் மொமென்டம், முடுக்கம் ஆக்சிலரேஷன், ஒளிச்சேர்க்கை ஃபோட்டோசிந்தசிஸ். இப்படி நான்கு வருஷம் போனால் கல்லூரியில் முதல் நாள் காது அடைத்துப்போகாது. பெரியவனையே சின்னவனுக்கு இதைச் சொல்லித்தரச் சொல்லுங்கள். எந்தச் சொல் தன்னைத் தடுக்கியது என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

தறிக்காரர், இளம்பிள்ளை
ஜூன் 10, இரவு 9.55

7.5 விஷயம் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போதைக்கு மாற்றலை நிறுத்திவைக்கிறேன். பெரியவன் லீவில்தான் இருக்கிறான், நாளைக்கே உட்காரச் சொல்கிறேன்.

மலைத் தம்பி, ஏற்காடு
ஜூன் 14, மதியம் 3.30

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். மலைப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேலம் டவுனில் இருக்கிறவர்களுக்குச் சேர்வராயன் மலை என்றால் ஏரி, படகு, இருபது கொண்டை ஊசி வளைவு. அதையெல்லாம் தாண்டி உள்ளே நாகலூர், மாரமங்கலம், கொட்டச்சேடு என்று போனால் அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள். நாங்கள் மலையாளிப் பழங்குடி. பெரும்பாலும் காப்பித் தோட்ட வேலை, கொஞ்சம் சொந்தக் காடு. எங்கள் ஊரில் எட்டாவது வரைதான் பள்ளி. இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன், எங்கள் வீட்டில் முதல் ஆள்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்பதாவது என்பது முதலில் தூரம்தான், பாடம் அப்புறம்தான். பள்ளி மணிக்குச் சரியாகப் போய்ச் சேருகிற பஸ் ஒன்றுதான் இருக்கும். அதைப் பிடிக்க விடியற்காலையில் கிளம்ப வேண்டும். மழைக்காலத்தில் பனிமூட்டத்தில் எதிரே வருகிற ஆள் தெரியாது, பாதையில் காட்டெருமை நிற்கும். சின்னப் பெண்களைத் தனியாக அனுப்ப அம்மாக்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஊரில் ஒன்பது, பத்து, பதினொன்று படிக்கிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி ஒன்றாக நடப்பது என்று எங்கள் ஊரில் பழக்கமாக்கினோம். பெரிய பிள்ளை ஒருத்தர் பொறுப்பு. யாராவது வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவோம். இதனால் மட்டும் பள்ளியை விடாமல் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அடுத்தது சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவு 2022-ல் தொடங்கியது, ஆனால் ஐந்தாவது வரைதான். மதியச் சத்துணவு பத்தாவது வரை உண்டு. விடியற்காலையில் கிளம்புகிற ஒன்பதாவது பிள்ளை, நடுவில் ஒன்றும் இல்லாமல் மதியம் வரை தாங்க வேண்டும். பதினோரு மணிக்கு நடத்துகிற கணக்கு அந்த வயிற்றில் எப்படி ஏறும்? முந்தின நாள் இரவே ஒரு டப்பாவில் களியோ சோறோ கட்டிவைத்துக் கையில் கொடுத்துவிடச் சொல்லி ஒவ்வொரு வீட்டிலும் கேட்கிறேன். பஸ்ஸில் சாப்பிட வெட்கப்படுவார்கள். வகுப்பு தொடங்கும் முன் பத்து நிமிஷம் சாப்பிடவிடுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். எங்கள் சார் மறுக்கவில்லை.

மூன்றாவதுதான் பெரியது. காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் சூடுபிடிக்கும், ஜனவரி வரை போகும். கிலோக் கணக்கில் கூலி. வருஷத்தில் கையில் காசு புரளுகிற காலம் அதுதான். வீட்டில் கூட ஒரு ஜோடிக் கை இருந்தால் கூட காசு. அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில் வருகிறது, சரியாக அதன் நடுவில். அது முடிந்தால் பிப்ரவரியில் மிளகு, அப்புறம் ஆண்டுத் தேர்வு. இரண்டு மூன்று வாரம் லீவு போட்ட பிள்ளை திரும்பி வரும்போது பாடம் எங்கேயோ போயிருக்கும். வெட்கத்தில் இன்னும் இரண்டு நாள் நிற்கும். அப்படியே நின்றுபோகும். யாரும் 'இனிமேல் பள்ளி வேண்டாம்' என்று முடிவெடுத்து நிறுத்துவதில்லை.

பறிப்புக்கே போகாதே என்று வயிற்றுப்பாட்டுக் கூலிக்காரரிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. சனி, ஞாயிறு போகட்டும், பள்ளி நாளில் வேண்டாம் என்று சொல்ல முடியும். அதை நவம்பரில் சொன்னால் எடுபடாது. இப்போது, ஜூனிலேயே, பெற்றோரிடம் உட்கார்ந்து பேசி வாக்கு வாங்க வேண்டும். தூரம் தாங்காது என்றால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது, விடுதி இருக்கிறது. முதல் மாதம் அழும், பிறகு சரியாகிவிடும். வாரம் ஒரு தடவை யாராவது போய்ப் பார்த்தால் சீக்கிரமே சரியாகும்.

தங்கைக்கு அக்கா, ஏற்காடு
ஜூன் 15, இரவு 8.50

தம்பி, நானும் மலைதான். அம்மா அப்பா தோட்டத்திலேயே தங்கி வேலை செய்கிறார்கள், தங்கச்சிக்கு நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அவளும் இந்த வருஷம் ஒன்பதாவது. சாதிச் சான்று இன்னும் வாங்கவில்லை, பத்தாவதில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். உதவித்தொகைக்கு இப்போதே வேண்டுமா?

மலைத் தம்பி, ஏற்காடு
ஜூன் 15, இரவு 9.30

இப்போதே வேண்டும் அக்கா. பழங்குடிப் பிள்ளைகளுக்கு 9, 10 வகுப்புக்கென்றே மத்திய அரசு உதவித்தொகை இருக்கிறது. பெற்றோர் வருமானம் வருஷம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சாதிச் சான்று இல்லாமல் அது நடக்காது. பழங்குடியினர் சான்றைத் தாசில்தார் கொடுக்க முடியாது, வருவாய்க் கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். விசாரணை வரும், இழுக்கும். இ-சேவை மையத்தில் இந்த வாரமே பதிந்துவிடுங்கள். அப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ ஏற்கெனவே சான்று இருந்தால் நகல் வையுங்கள், விசாரணை சுலபமாகும். தங்கச்சி பெயரில் வங்கிக் கணக்கு, அதில் ஆதார் இணைப்பு, இரண்டையும் சேர்த்தே முடியுங்கள்.

இன்னொன்று. பள்ளியில் அவள் பெயர், இனிஷியல், பிறந்த தேதி எப்படிப் பதிந்திருக்கிறது என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பத்தாவது மார்க் பட்டியலில் அதுதான் அச்சாகும். ஒன்பதாவதில் திருத்துவது சுலபம், பட்டியல் வந்த பிறகு திருத்த அலைய வேண்டும்.

கணக்கு டீச்சர், ஆத்தூர்
ஜூன் 16, மாலை 7.00

உதவித்தொகைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எட்டாவதில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேறிய பிள்ளைகள் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷம் 12,000 ரூபாய் வாங்கலாம். பள்ளி மாறும்போது அந்த விவரத்தைப் புதுப் பள்ளியில் சொல்லாமல் விட்டால் புதுப்பித்தல் விட்டுப்போகும். சேர்க்கும்போதே சொல்லுங்கள். ஊராட்சிப் பகுதி அரசுப் பள்ளியில் ஒன்பதாவது படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வும் உண்டு. மாவட்டத்துக்கு ஐம்பது ஆண், ஐம்பது பெண். தொகை சின்னதுதான், வருஷம் 1000. ஆனால் பதினான்கு வயதில் ஒரு போட்டித் தேர்வு எழுதிய தைரியம் பெரியது.

எனக்குக் கோபம் வருகிற விஷயம் ஒன்றும் இருக்கிறது. பத்தாவது தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது என்று, ஒன்பதாவதில் பின்தங்கிய பிள்ளையின் பெற்றோரைக் கூப்பிட்டு 'டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள், வேறு பள்ளி பாருங்கள், பிரைவேட்டாக எழுதட்டும்' என்று பேசுகிற பள்ளிகள் இருக்கின்றன. படிக்காத பெற்றோர் என்றால் அந்த இடத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். தயவுசெய்து போடாதீர்கள். 'யோசித்துச் சொல்கிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள். மேலாண்மைக் குழுவிடம் சொல்லுங்கள், மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுதிக்கொடுங்கள். கல்வித்துறை உதவி எண் 14417, அங்கேயும் கேட்கலாம். பின்தங்கிய பிள்ளையைத் தேற்றுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

குமார், ஓமலூர்
ஜூன் 16, இரவு 9.15

டீச்சர், இதையெல்லாம் படித்த பிறகு, ஒன்பதாவதுக்குக் கவலை வேண்டாம் என்று நான் சொன்னது பொருந்தாது என்று தெரிகிறது. என் அண்ணன் மகன் ஒன்பதாவதுதான். அந்த இரண்டு கணக்கை இன்றைக்கே கொடுத்துப் பார்க்கிறேன். வீட்டில் ஒரே போன், அதுவும் அண்ணனோடு வேலைக்குப் போய்விடுகிறது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறதாம். இதற்கு என்ன செய்வது?

கணக்கு டீச்சர், ஆத்தூர்
ஜூன் 16, இரவு 9.40

வகுப்பாசிரியரிடம் நேராகச் சொல்லுங்கள், பகலில் வீட்டில் போன் இல்லை என்று. பள்ளி விடும் முன் கரும்பலகையில் எழுதிப்போடச் சொல்லலாம், நான் அப்படித்தான் செய்கிறேன். இரவு போன் வந்ததும் பிள்ளை கையில் கொடுக்காமல், அண்ணனே குரூப்பைத் திறந்து காட்டட்டும். பத்து நிமிஷ வேலை.

செல்வி, சிவதாபுரம்
அக்டோபர் 11, இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். காலாண்டு மார்க் வந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் வந்தேன். தமிழ் 71, ஆங்கிலம் 44, கணக்கு 38, அறிவியல் 52, சமூக அறிவியல் 63. கணக்கில் தேறியதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஜூன் கடைசியில் பிரேயருக்கு முன்னால் போய் வகுப்பாசிரியரைப் பார்த்தேன். அந்த 5/7 தாளைக் காட்டியதும் கணக்கு டீச்சரையே கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். அன்றிலிருந்து பின்னக் கணக்கு மட்டும் மதிய இடைவேளையில் இவளுக்கும் இன்னும் நான்கைந்து பிள்ளைகளுக்கும் தனியாகச் சொல்லித்தந்தார். ட்யூஷன் சேர்க்கவில்லை. இரவு எட்டு முதல் ஒன்பதரை வரை நான் பற்றவைக்கிற வேலையை நிறுத்திவிடுகிறேன், அந்தச் சத்தமும் புகையும் இல்லாமல் அவள் படிக்கிறாள். விட்டதைக் காலையில் முடித்துக்கொள்கிறேன்.

வயதுக்கு வந்த பெண்ணை எதற்கு டவுன் வரை அனுப்புகிறாய் என்று உறவில் ஒரு பேச்சு வந்தது. அவள் அப்பாவே பதில் சொல்லிவிட்டார், பன்னிரண்டு முடித்தால் கல்லூரியிலும் மாதம் ஆயிரம் அவள் கணக்குக்கே வரும், அவளை நிறுத்த எனக்கு மனசில்லை என்று.

எங்கள் தெருவிலிருந்து அதே பள்ளிக்குப் போகிற வீடுகள் சேர்ந்து, கூட்டத்தை மாலையில் வைக்கக் கேட்டோம். வருகிற சனிக்கிழமை ஐந்து மணிக்கு என்று தலைமையாசிரியர் ஒத்துக்கொண்டார். அடுத்த வருஷம் ஒன்பதாவது வரப்போகிற எட்டாவது பிள்ளைகளின் அம்மாக்களையும் கூப்பிட்டிருக்கிறோம். ஆங்கிலத்துக்கு என்ன செய்யலாம் டீச்சர்? 44-ல் நிற்கிறது.

கணக்கு டீச்சர், ஆத்தூர்
அக்டோபர் 11, இரவு 10.00

38 நல்ல மார்க், செல்வி. ஜூனில் இருந்த நிலைக்கு நான் 25 எதிர்பார்த்தேன். விடைத்தாளை வீட்டுக்கு வாங்கி வரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எங்கே போயிற்று என்று அதில் தெரியும். மனப்பாடப் பாட்டில் போயிருந்தால் ஒரு வாரத்தில் மீட்கலாம். கட்டுரையிலும் கடிதத்திலும் வெறுமனே விட்டிருந்தால், தினம் ஐந்து வரி சொந்தமாக எழுதட்டும். காலையில் என்ன சாப்பிட்டாள், பஸ்ஸில் என்ன பார்த்தாள், எதுவானாலும் சரி. தப்பைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆங்கில டீச்சர் வாரம் ஒரு தடவை திருத்தினால் போதும்.

தங்கைக்கு அக்கா, ஏற்காடு
அக்டோபர் 12, காலை 7.30

எங்கள் சாதிச் சான்று போன வாரம் வந்தது, உதவித்தொகைக்குப் பதிந்துவிட்டோம். பறிப்பு தொடங்கப்போகிறது. பள்ளி நாளில் தங்கச்சி வர மாட்டாள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன், தோட்டத்து மேஸ்திரியிடமும் சொன்னேன். தம்பி, மற்ற வீடுகளுக்கும் போகலாமா? நான் தனியாகப் போனால் கேட்க மாட்டார்கள்.

மலைத் தம்பி, ஏற்காடு
அக்டோபர் 12, காலை 8.15

போகலாம் அக்கா. வெள்ளிக்கிழமை இரவு ஊருக்கு வந்துவிடுவேன். ஞாயிறு காலையில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், அப்போதே தொடங்கலாம். ஒன்பதாவது, பத்தாவது பிள்ளை இருக்கிற வீடுகளை மட்டும் முதலில் எழுதிவையுங்கள். டிசம்பர் பரீட்சை அட்டவணை வந்ததும் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒட்ட நகல் எடுத்து வருகிறேன்.